மிச்சம் ஒன்று

கடைசி நாளன்று கேக் வெட்டினார்கள்,
வாவிக்கரை ஐஸ் கொம்பனியில்,
லெட்ஜரை ஒதுக்கிவிட்டு என் மேசையிலேயே.
பிறகு முதலாளியின் மகன் என் பைலைத் தந்தான்.
"இனி இது உங்கட, அங்கிள்."
முப்பத்தேழு வருடம்.
அரை இறாத்தல் வருமோ என்னவோ.

உள்ளே அந்தப் படிவம்.
பின்னுரித்தாளி: மேகராசா.
உறவு: அக்காவின் மகன். வயது: ஒன்பது.
பங்கு: நூறு வீதம்.
என் கையெழுத்துத்தான்.
அந்தக் காலத்தில் எழுத்துக்கெல்லாம் இவ்வளவு வால் வைத்திருக்கிறேன்.

பின்னால் வந்து உரிக்கிறவர் என்றுதான்
அந்தச் சொல்லை நான் முதலில் விளங்கிக்கொண்டேன்.
உரித்து என்றால் உரிமையடா என்று
பெரிய கிளாக்கர் சிரித்துத் திருத்தினார்.

மாமன் சொத்து மருமகனுக்கு.
எங்கள் குடியில் யாரும் விளக்கிச் சொல்லாத கணக்கு அது.
இருபத்துமூன்று வயதில் என் சொத்து
ஒரு றலி சைக்கிள் (அதன் பாரில் அவன்தான் இருப்பான்),
முதல் சம்பளத்தில் பிடித்த எட்டு வீதம்.
இந்த ராச்சியத்துக்குத்தான் அவனை முடிசூட்டியிருக்கிறேன்.

பிறகு கலியாணம்.
பிறகு சுபாஜினி, கஜேந்தினி, திவ்வியராஜ்.
மற்றவர்களின் படிவங்களை நான்தான் மாற்றிக் கொடுத்தேன்,
ஐஸ் உடைக்கிற குணரெத்தினத்துக்கு மூன்று தரம்,
கலியாணத்துக்கு ஒன்றாக.
என்னுடையதை மறந்துபோனேன்.

கடல் ஏறி வந்த அந்த ஞாயிறு
நாவலடியில் ஒரு தென்னையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
என்ர பிள்ளைகள் என்ர பிள்ளைகள் என்று கத்தினேனாம்,
அடுத்த மரத்தில் நின்றவர் சொன்னார்.
இரும்பு அலுமாரிக்குள், நனையாமல்,
படிவம் வேறு பெயர் சொல்லிக்கொண்டிருந்தது.

அரசடி வங்கியில் நிதுர்ஷனா என்றொரு பிள்ளை.
"ஒரே பேரில போடாதீங்க ஐயா, பிரிச்சுப் போடுங்க,
அம்மாட பேரிலயும் ஒண்டு.
உங்கட வருமானம் எல்லைக்குக் கீழதானே,
படிவம் தந்தா வட்டியில வரி வெட்ட மாட்டம்.
உங்களுக்கு ஏதும் நடந்தாலும்
கோட்டுக்கு அலையாமப் பிள்ளைகளுக்குப் போகும்."
நாளைக்கு வரும் பஸ்ஸைப் போல
என் சாவைச் சொன்னாள். நல்ல பிள்ளை.

வரி என்கிறாள்.
மூத்தவளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு.
மகள் பிறந்த நாளிலிருந்து
வாய் திறக்காமல் கட்டிய வரி அது,
விலக்குக் கோர ஒரு படிவமும் கிடையாது.
சேமலாபத்தில் முப்பது வீதம் இடையில் எடுத்தேன்,
இப்போது கஜேந்தினியின் கூரையாக இருக்கிறது.

"பொம்பிளைப் பிள்ளையளுக்குக் குடுத்தாச்சு,
இது முழுக்கத் தம்பிக்கு" என்றாள் கோமளேஸ்வரி.
தோஹாவிலிருந்து தம்பி, ஹெல்மெட் கழற்றாமல்,
"ரெண்டு அக்காவையும் போடுங்கப்பா.
பிறகு கதை வேணாம்."

முப்பத்துமூன்று, முப்பத்துமூன்று, முப்பத்துமூன்று.
கணினி ஏற்கவில்லை.
"நூறு வரணும் ஐயா. ஒராளுக்கு முப்பத்துநாலு போடுங்க."

யாருக்கு?
ஒரு சதம் உதைத்தாலும்
இரவு வீட்டுக்குப் போகாதவன் நான்.

நாலாவது பெயரைச் சொன்னேன்.
உறவு கேட்டாள். அக்காவின் மகன்.
வயது? நாற்பத்தாறு.
செங்கலடியில் சீமெந்துக் கடை,
என்னைவிட வசதி என்பதை அவள் கேட்கவில்லை.

கோமளேஸ்வரி என்னைப் பார்த்தாள்.
கைப்பையைத் துழாவிக் கண்ணாடி எடுத்துப் போட்டு
திரையை நெருங்கி வாசித்தாள்.
"இனிசல் பிழை மனே.
அவன்ட தகப்பன் கதிராமத்தம்பி. கே போடுங்க."

பஸ் கல்லடிப் பாலம் ஏறும்போது கேட்டாள்:
"ஒரு வீதம் எண்டா எவ்வளவு?"
சொன்னேன்.
"அதுக்கு ஒரு றலி சைக்கிள் வருமா?"

முழுசா வராது.
பின் சில்லும் சங்கிலியும் வரும் என்றேன்.