மறுகா

குருமண்வெளித் துறையில் நிற்கிறேன்.
பாதை அக்கரையில்.
ஏழு மணி எட்டு நிமிடம்.
ஏழரைக்கு அதிபர் சிவப்புப் பேனையைத் திறப்பார்,
வரவுப் பதிவில் கோடு விழும்.
கோட்டுக்குக் கீழே ஒப்பம் வைத்தவள் என்று
இந்த மாதம் மூன்று தரம் ஆகிவிட்டேன்.

எல்லா மோட்டார்சைக்கிளும் உறுமிக்கொண்டு நிற்கின்றன,
உறுமினால் பாதை பயந்து ஓடிவரும் என்பதுபோல.
என் ஸ்கூட்டியும்தான்.
முதுகில் எழுவான்கரை வெயில்.
என் நிழல் மட்டும் பொறுக்காமல் தண்ணீரில் இறங்கி
படுவான்கரைக்குப் புறப்பட்டு
பத்து முழத்தில் நின்று ஆடுகிறது.

காலையில் மகளோடு கத்திவிட்டு வந்தேன்.
சப்பாத்து நூலை அவளே முடிவாளாம்.
ஒரு வளையம், இன்னொரு வளையம்,
இரண்டும் விரலை விட்டு வழுகும்.
நாக்கு நுனி வெளியே நீட்டியபடி
"நீங்க போங்கம்மா, நான் மறுகா வாறன்."
மறுகாவாம்!
குனிந்தேன், பறித்தேன், இறுக்கி முடிந்தேன்.
அவள் அழவில்லை.
தன் காலைப் பார்த்தாள்,
வேறு யாருடையதோ என்பதுபோல.

பாதை வந்தது.
முன்னுக்கு ஒரு நாம்பன் கன்று
இரும்புத் தகட்டில் ஒரு காலை வைத்தது,
எடுத்தது.
பின்னால் இருபது ஹோர்ன்.
கன்றைக் கொண்டுவந்த பொடியன், விதுஷன்,
கயிற்றைத் தளர விட்டுவிட்டு
போனில் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறான்.
"இழடா அதை!"
"இழுத்தா ஒருக்காலும் ஏறாது, சேர். மறுகா ஏறும்."
நிமிரக்கூட இல்லை.

எதற்கென்று தெரியாது,
சாவியைத் திருகி எஞ்சினை நிற்பாட்டினேன்.

முதலில் கேட்டது
என் கடவாய்ப் பற்கள்.
வீட்டுப் படலையிலிருந்து
ஒன்றையொன்று அரைத்துக்கொண்டே வந்திருக்கின்றன.
பிறகுதான் நீர்க்காகம்,
மிதவையின் அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தம்.

கன்று தகட்டை மணந்தது.
அதன்மேல் ஆறுதலாக மூத்திரம் பெய்தது.
ஏறியது.

ஏழு நாற்பத்தொன்று.
கோட்டுக்குக் கீழே, நாலாவது தரம்.
எரிச்சல் வரவில்லை என்றால் பொய்.
பேனை கடதாசியைக் கிழித்தது.

மறுநாள் ஆறரைக்கே சப்பாத்தை எடுத்து வைத்தேன்.
மகளுக்கு எதிரே நிலத்தில் இருந்து
என் இரண்டு கைகளையும்
என் தொடைக்குக் கீழே வைத்து
அவற்றின்மேல் இருந்துகொண்டேன்.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பொறுமை.
மூன்றாம் தரம் வழுகியது.
ஐந்தாம் தரம் கை தானாக எழும்பப் பார்த்தது,
இன்னும் அழுத்தி இருந்தேன்.
விரல்கள் விறைத்தன, எறும்பு ஊர்ந்தது.

ஒன்பதாம் தரம்
கோணலாக, ஒரு காது பெரிதாக,
ஒரு முடிச்சு.

பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்னமே அவிழ்ந்துவிடும்.
தெரியும்.
அது மறுகா.