பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்

லோயாட்டில் வாங்கியது.
பதினெட்டுத் தவணை, மாதம் நூற்றுப் பதினாறு வெள்ளி.
விற்ற பையன் நிலாப் படம் ஒன்றை
விரலால் அகட்டி அகட்டிக் காட்டினான்,
பள்ளம் பள்ளமாய் எண்ணலாம் என்றான்.
நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
நிலாவில் எனக்கென்ன வேலை?
அடித்தளம் மூன்றில், பம்பு அறையில்
லைன் கிடைக்குமா என்று கேட்டிருக்க வேண்டும்.
கேட்கவில்லை.
படம் நன்றாக இருந்தது.

பழையதற்கு அந்த இடமெல்லாம் அத்துப்படி.
மூலை உடைந்து ரப்பர் வளையம் மாட்டியது.
சிவப்புக் குழாய் ஓரமாய்ச் சாய்ந்து
தலையைக் கொஞ்சம் கோணலாய்ப் பிடித்தால்
ஒரு கோடு வரும். ஒன்றே ஒன்று.
அந்த ஒற்றைக் கோட்டில்தான்
மாமனார் போன செய்தி வந்தது,
மகளுக்கு ஜொகூரில் இடம் கிடைத்தது வந்தது,
வங்கிக்காரன் வந்தான், விடாமல் வந்தான்.

புதியது அதே குழாய் ஓரத்தில்
பளிங்கு முகத்தோடு
'சேவை இல்லை' என்கிறது,
மதியச் சாப்பாட்டுக்குப் போன கவுண்டர் போல.

செவ்வாய் இரவு. செந்தூல் அடுக்குமாடி.
காவலாளி தாப்பா மூன்று தளம் இறங்கி வந்து,
மூச்சு வாங்க, விரலை மேலே காட்டினான்:
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்
ஒரு பெண்.
எத்தனை முறை கூப்பிட்டேன் தெரியுமா என்றான்.
தெரியாது. எனக்கு எதுவும் வரவில்லை.

பன்னிரண்டாவது மாடிக் கதவைச் சாவி போட்டு விலக்கி
தரையில் குப்புறப் படுத்தேன்.
போனில் டார்ச் அடித்தேன். அதை நன்றாகச் செய்கிறது.
கீழே பெட்டியின் கூரை, எண்ணெய்த் தூசு,
அதற்கும் கீழே குரல்.

யாரு?
லிஃப்ட்காரன்.
நாப்பது நிமிஷமா அடிக்கிறேன், புது போனு,
ஒரு கோடு காட்ட மாட்டேங்குது.
என்ன போன்?
சொன்னாள்.
என் கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டேன்.
எத்தனை தவணை?
இருபத்து நாலு.
எனக்குப் பதினெட்டு.
கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு
இரும்புக் கூரை வழியே சிரிப்பு வந்தது,
தெளிவாக, கரகரப்பில்லாமல்.

பவளராணி.
ஆஸ்பத்திரிச் சலவையில் இரவு வேலை.
மேலதிகாரி இந்நேரம் மட்டம் போட்டிருப்பான்.

இயந்திர அறை உச்சியில் இருக்கிறது.
பிரேக்கை விடுவித்து, சக்கரத்தைக் கையால் சுற்றி
அங்கிருந்துதான் ஏற்ற வேண்டும்.
அங்கிருந்து கத்தினால் உங்களுக்குக் கேட்காது,
கூப்பிட்டாலும் எடுபடாது,
நூற்றைம்பது வரை எண்ணுங்க, அதுக்குள்ள அசையும்,
அசைஞ்சா பயப்படாதீங்க, அது நான்தான்
என்று சொல்லிவிட்டுப் படியேறினேன்.

துருப்பிடித்த சக்கரம்.
நானும் எண்ணிக்கொண்டுதான் சுற்றினேன்.

கதவு திறந்ததும் முதல் பேச்சு:
நூத்தி எழுபது ஆச்சு.
அப்புறம்?
அப்புறம் என்ன, திரும்ப ஒண்ணுலேர்ந்து.

படிக்கட்டு ஜன்னலில் இருவரும்
கம்பிக்கு வெளியே போனை நீட்டினோம்.
இரண்டும் ஒரே நேரத்தில் துடித்தன.
அவளுக்கு ஒன்பது, எனக்கு ஏழு.
தன்னுடையதைப் படித்தவள் ஒன்றும் சொல்லாமல்
பையை மாட்டிக்கொண்டு
படி வழியே இறங்கினாள், பன்னிரண்டு மாடியும்.

எனக்கு யோகேஸ்வரி எழுதியிருந்தாள்.
முதலில் வந்தது: வேணாம் விடு.
இரண்டு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
நேற்றுப் பேசியதை, முந்தாநாள் பேசாததை
ஒவ்வொன்றாய்ப் புரட்டிக்கொண்டு.
அதற்குப் பிறகு வந்தது, எட்டு மணிக்கு அனுப்பியது:
தக்காளி நாலு வாங்கிட்டு வா.

நள்ளிரவு தாண்டிவிட்டது.
மாமாக் கடையில் கெஞ்சி
தக்காளி சாஸ் புட்டி ஒன்று வாங்கிப் போனேன்.
வேண்டாம் என்றுதானே அனுப்பினேன் என்றாள்.
புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சிம் தட்டைத் திறக்க ஊசி தேடினேன்.
கேட்காமலே காதுத் தோட்டைக் கழற்றித் தந்தாள்.
பழையதற்குப் புது ரப்பர் வளையம் போட்டாயிற்று.

புதியது அலமாரியில் இருக்கிறது.
இன்னும் பதினாறு தவணை.