நெருங்கிய உறவு

கையெழுத்து நன்றாக இருந்த குற்றத்துக்காக
என்னைக் கம்பெனிக் குமாஸ்தா ஆக்கினார்கள்.
லெ லோக்கிலில் கடிகாரம் பழுதுபார்த்தவன் நான்,
பல்சக்கரத்தின் பற்களை எண்ணிப் பழகிய கண்.
இங்கே எண்ணுவது போர்வை, பூட்ஸ், ஆள்.

என் நாடு சண்டையிடாது.
மலைமேல் உட்கார்ந்து மணி பார்க்கும்.
எனக்குப் பொறுக்கவில்லை, எல்லை தாண்டினேன்.
வேறொரு காரணமும் உண்டு, அவள் பெயர் வேண்டாம்.

பதிவேட்டில் ஆறு கட்டங்கள்:
பெயர், பிறந்த ஊர், தொழில்,
சேர்ந்த தேதி, பூட்ஸ் அளவு.
ஆறாவது, நெருங்கிய உறவு, முகவரியுடன்.

ஆறாவதில்தான் எப்போதும் தகராறு.
ஹோட்டல் சர்வர் பனாயோத்திஸ்
"கடன்காரர்கள் என்று எழுது,
உண்மையாக அழப்போவது அவர்கள்தான்" என்றான்.
தொப்பி தைக்கும் மென்டலுக்குப் பாரிஸில் மனைவி இருந்தாள்,
ஆனால் வீட்டுக்காரியின் பெயரைத் தந்தான்.
"அவள் என் கடிதங்களைப் பிரிப்பதில்லை.
இவள் எல்லோருடையதையும் பிரிப்பாள்."

போனிஃபாட்ஸி வ்ரோனா, சுவருக்குச் சாந்து பூசுபவன்,
பென்சிலை என் கையிலிருந்து வாங்கி
அவனே எழுதினான்: அம்மா, போஸ்னான் பக்கம் ஒரு ஊர்.
"அது ஜெர்மனி அல்லவா?"
"வரைபடத்தில்" என்றான்.

வ்ரோனா என்றால் அவன் மொழியில் காகமாம்.
சார்ஜென்டுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல்
காகம் என்றே கூப்பிட்டார்.
ரொட்டி வண்டியின் சத்தம் கேட்டால்
முதல் ஆளாக வந்து நிற்பான்,
பெயரைக் காப்பாற்ற வேண்டுமே.

மே மாதத்தில் ஒரு காலை
மேட்டைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தோம்.
அந்தி சாயுமுன் பாதியைத் திருப்பிக் கொடுத்தோம்.
ஆர்த்துவாவின் மண் சுண்ணாம்பு.
முழங்கை வரை வெள்ளையாகி,
நாள் முழுக்கச் சுவர் பூசிவிட்டு
கை கழுவ மறந்து படுத்தவன்போல
வ்ரோனா கிடந்தான்.

அறுபத்திரண்டு பெயர்களுக்குக் கோடு போட்டேன்.
அறுபத்தொரு கடிதங்கள் எழுதினேன்.
எதிரி நாட்டுக்குத் தபால் இல்லை.

அந்த ஒன்றை அக்கா யூலாலிக்கு அனுப்பினேன்.
எங்கள் நாட்டுத் தபால்தலை எங்கும் போகும்,
ஆனால் அங்கேயும் உறை பிரித்துப் படிப்பார்கள்.
யோசித்து யோசித்து அவள் எழுதினாளாம்:
"அம்மா, உங்கள் சின்னக் காகம்
ஒரு வயலில் இறங்கியது, பிறகு எழவில்லை.
அன்று நல்ல வெயில், குளிரவில்லை."

ஜூன் கடைசியில் பதில் வந்தது.
பாதிரியார் படித்துச் சொல்ல, அக்கா பிரதி எடுத்திருந்தாள்:
"எனக்குக் காகம் இரண்டு.
பெரியதைச் சாம்பல் நிறம் பூசிக் கொண்டுபோனார்கள்.
அதுவும் அந்த வயலில்தான்,
பீட்ரூட் பாத்திகளுக்கு அந்தப் பக்கம் என்று கேள்வி.
பார்த்தால் சின்னதைப் பற்றிச் சொல்லிவிடாதீர்கள்.
அதை நான்தான் சொல்ல வேண்டும்."

அன்றிரவு ஒற்றுக்கேட்கும் குழியில் ஆள் குறைந்தது,
நான் போகிறேன் என்றேன்.
குமாஸ்தாவுக்கு என்ன வந்தது என்று சிரித்தார்கள்.
மூன்று மணி நேரம் ஈரம்.
எதிரே யாரோ முள்கம்பிக்கு முளை அடித்துக்கொண்டிருந்தான்,
சாக்கு சுற்றிய சுத்தியல்.
வ்ரோனா என்று சொல்லிப்பார்த்தேன்,
உதடு மட்டும், குரல் இல்லை,
அம்மா வேண்டாம் என்றிருக்கிறாளே.
சுத்தியல் நின்றது.
ஒருவன் தும்மினான்.
சுத்தியல் மறுபடி தொடங்கியது.

திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன்.
அவனுடைய ஆறாவது கட்டத்தில்
அம்மாவுக்குக் கீழே ஒரு வரிக்கு இடமிருந்தது.
அண்ணன், இருநூறு மீட்டர்,
என்று எழுதி மை உலர ஊதினேன்.

காலையில் கேப்டன் கையெழுத்துப் போட வந்தார்.
அந்த வரியில் விரல் நின்றது.
திட்டுவார் என்று நினைத்தேன்.
"எந்தத் திசையில்?"
என்று மட்டும் கேட்டார்.

பென்சில் முனை மழுங்கியிருந்தது.
சீவத் தொடங்கினேன்.
கூர் வந்த பிறகும்
சீவிக்கொண்டே இருந்தேன்.