ஒரு றாத்தல் பாண்

நாலு பேர் குதிக்கிறோம் விமானத்திலிருந்து.
மூன்று பேருக்குக் குரல் இருக்கிறது.
நாலாவது பரசூட் என்னுடையது.
பெயருக்குப் பக்கத்தில் குட்டி மைக்,
குறுக்கே சிவப்புக் கோடு.

எட்டு மாதமாக அப்படித்தான்.
ஊமையன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பிரியமாக.
"பின்னால ஊமையன் நிக்கிறான்டா, பயப்படாத."
இருட்டில் சிரிப்பேன்.
சிரித்த கையோடு ஒருதரம் பார்ப்பேன்
கோடு இருக்கிறதா என்று.

டைக் வீதியில், கடலுக்கு முதுகு காட்டிய மேல் அறை.
பலகைத் தடுப்புக்கு அப்பால் தங்கச்சியின் குறட்டை.
ஃபேனின் ஒரு இலை எப்போதும் எதிலோ தட்டும்.
கேற்றடியில் மான்கள்
சோற்றுப் பார்சலின் ஷொப்பிங் பேக்கை இழுக்கும்.
நான் வாய் திறந்தால்
இவையெல்லாம் சேர்ந்து பேசிவிடும் என்பது
ஒரு சாட்டு.

ஒருநாள் போனில் பதிந்து கேட்டேன்:
"அங்கால, மாடியில ஒருத்தன்."
சளி பிடித்த யாரோ ஒருத்தி
வங்கியில் தன் இலக்கம் வந்துவிட்டதா என்று
கேட்பதுபோலச் சொன்னாள்.
மறுபடி சொன்னேன், தடித்த குரலில்.
மறுபடி, அங்காலவை அந்தப் பக்கம் ஆக்கி.
"ஓம்" என்பதைக் கழுவிக் கழுவி "ஆமா" ஆக்கி.
இல்லாவிட்டால் தூத்துக்குடிப் பாண்டி
சண்டையை நிறுத்திவிட்டு "நீங்க சிலோனா?" என்பான்.
பெட்டை என்று தெரிந்தால்
எல்லோரும் திடீரென்று மரியாதையாகிவிடுவார்கள்.
அல்லது மற்றது.

பஸ்ஸில் தமிழைத் தணித்துப் பேசிய வருடங்களில்
வளர்ந்த தொண்டை இது.
அதையும் காரணமாகச் சொல்லலாம். சொல்லமாட்டேன்.
அதே பஸ்ஸில் பக்கத்தில் இருந்து வந்த நிரோஷாந்தி
இன்று துறைமுக வாசலில்
லொறிக்காரர் மூன்று பேரை ஒரே மூச்சில் ஏசுகிறாள்.

நேற்று. இல்லை, இன்று விடிய,
ஐந்தே முக்கால்.
கடைசி வட்டம் சுருங்குகிறது.
நான் புல்லுக்குள் குப்புற.
வியர்த்த பெருவிரல் எங்கோ பட்டிருக்க வேண்டும்.

வீதி முனையில் பாண் ஓட்டோவின் மெட்டு,
பற்றரி இறங்கி இழுபட்டு.
கூப்பிடாவிட்டால் நிற்காது அது.
போனை மெத்தையில் எறிந்து
யன்னலைத் தள்ளி
அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:
"அண்ணோய்! நில்லுங்கோ!
ஒரு றாத்தல் பாண், ரெண்டு மாலுபாண்,
நேற்றையான் வேண்டாம் சொல்லிப்போட்டன்!"

மான்கள் நிமிர்ந்தன.
குறட்டை நின்றது.

திரும்பினால், கோடு இல்லை.
என் மூச்சுக்கு ஏறி இறங்குகிறது
ஒரு சின்னப் பச்சை அலை.
மூன்று பேரும் பேச்சில்லை.
கனடாக்காரன் இருமினான்.

பிறகு டோஹாவிலிருந்து றிஸ்மி,
இரவுக் காவல், வாய் திறந்தால் கெட்ட வார்த்தை,
மெல்லக் கேட்டான்:
"மாலுபாண் இன்னமும் முக்கோணமாத்தான் வருதா?"

"டேய், அது நம்ம ஊமையனா?" இது பாண்டி.

எத்தனையோ இரவு ஒத்திகை பார்த்த ஆமா
வாய்க்குள் எங்கேயும் இல்லை.
"ஓம்" என்றேன்.
இரண்டு பேருக்கும் ஒரே பதில்.

அதற்குள் யாரோ என்னைச் சுட்டுவிட்டான்.
கீழே பாண்காரர் ஹோர்ன் அடித்தார்.
மிச்சக் காசை எண்ணும்போதும்
காது இரண்டும் சுட்டுக்கொண்டிருந்தன.

இன்றிரவு திரும்பவும் கோட்டைப் போட்டாலும் போடுவேன்.
மாலுபாண் முக்கோணம்தான்.
ஒரு மூலை கருகியிருந்தது.
அதை மட்டும் றிஸ்மிக்குச் சொல்லவேணும்.