ஒருவருக்கு இரண்டு நிமிடம்

தலைவர் சொல்லிவிட்டார்:
ஒருவருக்கு இரண்டு நிமிடம்,
மிஞ்சினால் சீஸ் ரோல் ஆறிவிடும்.
இன்வர்கார்கிலில், ஜூலை மாதத்தில்,
ஆறிய சீஸ் ரோலை மன்னிப்பார் இல்லை.

பவுல்ஸ் கிளப்பின் கூடம், வாடகைக்கு.
ஹீட்டர் இரண்டில் ஒன்றுதான் உயிரோடு.
நாற்பத்தோரு பேர், கோட்டைக் கழற்றாமல்.
நான் செயலாளர்.
என் கையில் மூன்று பெயர் எழுதிய தாள்.

எங்கள் ரயில் முழங்காலுக்குக் கீழே ஓடுவது.
தைம் செடி அதற்குக் காடு,
குருவி குளிக்கும் தொட்டி ஏரி.
கவிழ்ந்தால் சாவதற்கு ஆளில்லை;
ஈயப் பயணிகள் யாராவது நிமிர்த்தும்வரை
வானம் பார்த்துக் கிடப்பார்கள்,
செய்தித்தாளைக் கையில் பிடித்தபடி.

முதலில் ஐல்சா டால்கிளீஷ்.
அவளுக்கென்று ஓர் எஞ்சின் கிடையாது,
ஒரு பெட்டிகூட.
ஆனால் ஊரார் வரும் ஞாயிறுகளில்
கேட் திறக்க இரண்டு மணி நேரம் இருக்கும்போதே
பல்துலக்கும் பிரஷ்ஷோடு மண்டியிட்டிருப்பாள்.
கரும்பறவைகள் விடியலிலேயே புழு தேடி வந்து
மரப்பட்டைத் தூளைத் தண்டவாளமெங்கும்
வாரி இறைத்துவிட்டுப் போயிருக்கும்.
பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் குனிந்து
ஊதுவாள்,
கோப்பைத் தேநீரை ஊதுவதுபோல.
நீயும் ஒன்று வாங்கலாமே என்றேன் ஒருமுறை.
வாங்கினால்
அதையே பார்த்துக்கொண்டிருப்பேனே என்றாள்.

கைதட்டல். அவள் நாற்காலியில் இல்லை.
சமையலறையில் குழாய் ஓடும் சத்தம்.

அடுத்து தாவிட்டா லெயாதாவுவா,
பஸ் டிப்போ மெக்கானிக்.
அவர் கைக்குள் போன ஸ்க்ரூடிரைவர்
மறுபடி வெளியே வரும்வரை கண்ணுக்குத் தெரியாது.
போன செப்டம்பரில் ஐந்து நாள் மழை,
மண் உள்வாங்கி
எட்டு மீட்டர் பாதை பாம்பாய் நெளிந்தது.
மறுநாள் காலை சக்கர நாற்காலிகளில்
பதினான்கு பேர் ரயில் பார்க்க வருவதாக இருந்தது.
ரத்து என்று எழுதி ஒட்டப் போனேன்.
பாதை நேராக இருந்தது.
யார் செய்தது என்று எல்லோரையும் கேட்டோம்.
முள்ளெலி, என்றார் இவர்,
முகத்தில் ஒரு கோடு மாறாமல்.
அன்றிலிருந்து முள்ளெலிக்குக்
கிண்ணத்தில் தீனி வைத்து வருகிறோம்.

போன வாரம் சுரங்கத்துக்குள் கைவிட்டபோது
ஒரு ரசமட்டம் கிடைத்தது,
பின்புறம் டிப்போவின் முத்திரையோடு.
ஆகவே அன்பர்களே,
இவர் வண்டவாளத்தை
இன்று தண்டவாளம் ஏற்றுகிறேன்.

(மூன்று நிமிடம். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார்.)

மூன்றாவது பெயரில் தாள் சற்று நடுங்கியது.
மொய்ரா கெட்டில்வெல்.
இவளைப் பிடிக்காதவர்கள் கை தூக்குங்கள் என்றால்
கூடம் முழுக்கத் தூக்கும், நானும்.
தொடாதே. பின்னால் நில்.
ஸ்பிரிட் டப்பாவை மூடு. யார் பிள்ளை இது?
ஞாயிறு முழுக்க அவள் குரல்தான்,
எஞ்சின் விசிலுக்கு மேல் ஒரு விசில்.
என் மருமகன் ஒருமுறை அழுதுகொண்டே வீட்டுக்குப் போனான்.

எங்கள் எஞ்சின்கள் நிஜ நெருப்பில் ஓடுபவை.
பாய்லரின் பித்தளை தங்கமாய் மின்னும்,
பிள்ளைகளின் கண்ணுயரத்தில்.
விபத்துப் பதிவேட்டைப் புரட்டினேன்:
பதினொரு வருடம், வெற்றுப் பக்கங்கள்.
சுட்டுக்கொண்ட விரல் ஒன்றுகூட இல்லை.

நடக்காமல் போனதை
எந்த மொழியில் பாராட்டுவது?
நேற்றிரவு எழுதி எழுதி அடித்தேன்.
கடைசியில் பதிவேட்டையே கொண்டுவந்தேன்.
ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து
எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தேன்.

கூடம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு பின்வரிசையில் யாரோ எழுந்தார்கள்,
நாற்காலிகள் ஒவ்வொன்றாய்த் தரையை உரசின.

மொய்ரா மேடைக்கு வந்தாள்.
வரும் வழியில் ஒருகணம் நின்று,
ஹீட்டர்மேல் யாரோ காயப்போட்டிருந்த
கம்பளிக் கோட்டை எடுத்து
உதறி
கொக்கியில் மாட்டிவிட்டு,

யாருடையது இது, என்றாள்.

அது என்னுடையது.