இடம் என்ற கட்டம்

பதினேழாவது அலமாரி, கீழிருந்து மூன்றாவது இழுப்பறை.
இழுத்தால் முட்டை அட்டைகள்.
முட்டை உட்கார வேண்டிய குழிகளில்
நாற்பத்தைந்து கோடி ஆண்டுப் பழைய சிப்பிகள்,
வாயை இறுக மூடிக்கொண்டு.

சேகரித்தவர் டெல்பர்ட் ரவுஷ்.
ஓஹயோ ஆற்றின் வடகரை ஊரொன்றில்
எரிவாயு மீட்டர் கணக்கெடுத்தவர்.
முப்பத்தொரு வருடம்
ஊரை அதன் கொல்லைப்புறமாகவே பார்த்தவர்.

மீட்டர் சீட்டின் பின்பக்கத்தில் பென்சில் குறிப்பு.
எண் உண்டு. தேதி உண்டு.
இடம் என்ற வரியில் மட்டும்
தெரு இல்லை, கதவு எண் இல்லை.

"டச்சஸ். கறுப்பு. சங்கிலி நினைத்ததைவிட நீளம்."

"வேலியடி. பூஸ்டர் தூக்கம். ஆறு கிடைத்தன."

"குட்டை நாய், பெயர் தெரியாது. ஓடைக்கு வலப்பக்கம்."

கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பது
அவர் ஊர்ப் பேச்சில் இல்லை.
அவருக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்தன.

இடம் தெரியாத புதைபடிவம் வெறும் ஜல்லி
என்பார் எங்கள் காப்பாளர் மார்லிஸ் ஓட்.
கணினியும் அவர் கட்சிதான்:
அந்தக் கட்டம் காலியாக இருந்தால்
அடுத்த பக்கம் திறக்காது.

எண் ஒன்றைத் தேடி எடுத்தேன்.
ஏப்ரல் 1953.
"நாயை அடிக்கக் கல் எடுத்தேன். கல்லில் சிப்பி.
எறியவில்லை. கடித்துவிட்டது. நான்கு தையல்."

முதுகெலும்பில்லாதவற்றின் மேல்
இத்தனை பிரியம் வைத்த மனிதருக்கு
அது இருந்திருக்கிறது.

எண் 412 ஒரு டிரைலோபைட்,
தொட்ட மரவட்டையாய்ச் சுருண்டது.
எதைக் கண்டு சுருண்டதோ
அது போய், அந்தக் கடலும் போய்,
கடல் இருந்த இடத்தில் மக்காச்சோளம் விளைந்து,
சோளத்தின் மேல் வீடுகள் வந்து,
ஒருவர் மீட்டர் பார்க்கவும் வந்தாயிற்று.
இன்னும் நிமிரவில்லை.

மாவட்டக் கணக்கர் அலுவலகத்தின் நிலவறையில்
நாய் உரிமப் பதிவேடுகள் இருப்பதாக
தபால்காரர்தான் சொன்னார்.
(நாய் விஷயம் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.)
மூன்று சனிக்கிழமைகள். தும்மல். ஈரக் காகித வாடை.
1956, பக்கம் எண்பத்தெட்டு:
டச்சஸ், பெண், கறுப்பு,
உரிமையாளர் இல்ஸ் பிராண்டவி, 238 கெஸ்லர் சந்து.

கெஸ்லர் சந்து இப்போது நெடுஞ்சாலையின் அடியில்.
வீடும் ஓடையும் கூட.
ஆனாலும் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க முடிந்தது.
அறுபத்து மூன்று கற்கள் ஒரே மதியத்தில்
ஜல்லியாக இருப்பதை நிறுத்தின.

பூஸ்டரும் கிடைத்தது, இரண்டு டாலர் அபராதத்தோடு.

குட்டை நாய்க்கு மட்டும் உரிமம் இல்லை.
யாருடையதாகவும் இல்லாமல்
அந்த ஓடையைக் காத்திருக்கிறது.
அதன் பெயரில் பதினொரு கற்கள்,
நடுவில் கடல் அல்லித் தண்டொன்று,
திருகாணி போல வரிவரியாய்.

கட்டத்தில் அவர் எழுதியதையே எழுதினேன்:
"குட்டை நாய், பெயர் தெரியாது. ஓடைக்கு வலப்பக்கம்."
அடுத்த பக்கம் திறந்தது.

தோளுக்குப் பின்னால் நின்று மார்லிஸ் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு,
"வலப்பக்கம் என்றால்
எந்தப் பக்கம் பார்த்து நின்றபடி?" என்றார்.

நாயைப் பார்த்தபடி, என்றேன்.