கடுகுப் பாசி

முதலில் மணல் என்றுதான் நினைத்தேன்.
ஷமால் காற்று அடித்து ஓய்ந்த மூன்றாம் நாள்
பஹ்ரைன், சார், ஒன்பதாம் எண் வில்லா.
குளத்தில் நிழல் விழுகிற சுவரில் மட்டும்
மெல்லிய மஞ்சள் படிவு.
வாக்குவம் போட்டேன், போனது.
அடுத்த செவ்வாய் வந்தேன்,
அதே இடத்தில் இருந்தது.

"மணல் சுவரில் ஏறுமா?"
உம்மு காஸியின் கடைசி மகள் கேட்டாள்,
ஏழு வயது,
காற்றடித்த அன்னத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு,
வேலைக்காரப் பெண்ணிடம் கற்ற இந்தியில்.
இந்தத் தொழிலில் எனக்குப் பதினோரு வருஷம்.
பதில் சொல்லாமல் பிரஷ்ஷை எடுத்தேன்.

தேய்த்தால் புகை மாதிரி எழும்.
ஒழிந்தது சனியன் என்று நிமிர்வதற்குள்
நிழல் பார்த்து மறுபடி உட்காரும்.
நாற்பத்தாறு டிகிரியில்
நிழல் தேடுகிற விஷயத்தில்
அதற்கும் எனக்கும் பேதமில்லை.
குளோரினைப் பகலில் கொட்டினால் சூரியன் தின்றுவிடும்,
மஃரிப் பாங்கு கேட்டபின் கொட்டினேன்.
இரண்டு மடங்கு. பிறகு மூன்று.
பாலையும் நீரையும் பிரிக்குமாம் அன்னம்.
இந்த அன்னம் அடிவயிற்றில் மஞ்சள் பூசிக்கொண்டு
சும்மா மிதந்தது.

மூன்றாம் வாரம் இருபத்திரண்டாம் வில்லா.
அதற்கடுத்து முப்பத்தொன்று.
பிறகு நாற்பது, அங்கே குளத்தில் யாரும் இறங்குவதுகூட இல்லை.
"காற்றுதான், வேறென்ன" என்றார் சூப்பர்வைசர் தங்கச்சன்.
நானும் காற்றைத்தான் திட்டினேன்,
சிக்னலில் நிற்கும்போது
பிக்கப்பின் கண்ணாடிக்கு மேலே செருகியிருந்த
என் கையெழுத்துத் தாளைப் பார்க்கும்வரை.
செவ்வாய்: 9, 22, 31, 40.

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.

வெயிலில் நைலான் முறிந்துபோகுமே என்று
ஒவ்வொரு வீடு முடிந்ததும்
ஈரச் சாக்கில் சுற்றிப் படுக்க வைப்பேன் அந்தப் பிரஷ்ஷை.
கம்பெனியில் எவனும் செய்யமாட்டான்.
அவ்வளவு பக்குவமாய்
வீடு வீடாய்க் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன்.

தங்கச்சனிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடினார்.
"வெளியே வாயைத் திறக்காதே.
நாலு வீட்டுக்கும் ஸ்பெஷல் ட்ரீட்மென்ட்,
வீட்டுக்கு இருபத்தைந்து தினார், பில் போடு."

ஒன்பதாம் வில்லாவில் தொடங்கினேன்.
உடுப்போடு இறங்கி ஏணிக்குப் பின்னால் துடைத்தேன்,
விளக்கைக் கழற்றி அதன் குழிக்குள் கைவிட்டுத் துடைத்தேன்.
விரல் முழுக்கக் கடுகு அரைத்த நிறம்.
ஏறி வந்து, இருட்டியதும் மருந்தைக் கொட்டி
எல்லாவற்றையும் தண்ணீரில் தள்ளினேன்:
கம்பு, வலை, ஹோஸ், குழந்தையின் கண்ணாடி,
அன்னம், அந்தப் பிரஷ்,
கடைசியில் யோசித்து, என் சட்டையும்.
இரவெல்லாம் மோட்டார் ஓடியது.

காலையில் சட்டையில் நீலம் இல்லை.
பையில் தைத்த கம்பெனிப் பெயர் மட்டும்
பாலியஸ்டர் நூல், அப்படியே இருந்தது.
தண்ணீர், அடித்தளத்து ஓட்டின் கோடுகளை
எண்ணிவிடலாம் போலிருந்தது.

உம்மு காஸி பில்லில் கையெழுத்துப் போட்டு
குளிர்ந்த லபன் பாட்டில் ஒன்று நீட்டினார்.
"நீ இல்லாவிட்டால் இந்தக் குளம் என்ன ஆகியிருக்கும்!"
நின்றபடியே குடித்தேன்.
புளிப்பு தொண்டையில் நின்றது.

ஊருக்கு அனுப்புகிற பணத்தில் பன்னிரண்டு தினார் குறைத்து
நாலு பிரஷ் வாங்கினேன்,
கைப்பிடியில் மார்க்கரால் எண் எழுதி
அந்தந்த வீட்டிலேயே மாட்டிவிட்டேன்.
மனைவியிடம் மழையில் செருப்பு போனது என்றேன்.
ஜூலையில் இங்கே மழையா என்று அவள் கேட்கவில்லை.

ஐந்து செவ்வாய் கடந்துவிட்டது.
இன்னும் போனவுடன் முதல் வேலை,
ஏணிக்குப் பின்னால் விரலை ஓட்டி
நகத்தை வெளிச்சத்தில் பார்ப்பது.

இன்றைக்கு அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.
"ஒன்பது" என்று கைப்பிடியைப் படித்தாள்.
"முன்னால் இதில் எண் இல்லையே, ஏன்?"

தேய்த்துக்கொண்டிருந்தேன்.
சுவரில் ஒன்றும் இல்லை.